உச்சி மணிக்குப் போன குடம்

எங்கள் வீட்டில் சண்டை எதில் தொடங்கினாலும் கடைசியில் ஒரு பித்தளைக் குடத்தில் போய்த்தான் நிற்கும். ரசத்தில் உப்புக் கூடிவிட்டதா, குடம். அண்ணன் கணக்கில் கோட்டைவிட்டானா, அதற்கும் குடம். அப்பாவின் அக்கா எங்களோடுதான் இருந்தாள். என் அத்தை. நல்லவள்தான், ஆனால் வாய் இருக்கிறதே, அது ஊட்டிக் குளிரில்கூட ஒரு நாளும் உறைந்ததில்லை. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறவளப் பாத்திருக்கறேன், முழுக் கொடத்தையே மறைச்சவ இவதான்" என்று ஆரம்பிப்பாள். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அப்பா "விடுக்கா" என்பார். அத்தை விட்டால்தானே.

அந்தக் குடம் அம்மாவின் கல்யாணச் சீரில் வந்தது. அடியில் சங்கு முத்திரை அடித்த, தண்ணீர் நிரப்பினால் இடுப்பு வலிக்கும் கனமான குடம். அம்மாவும் அப்பாவும் எஸ்டேட்டில் இருந்த காலத்தில், நான் பிறப்பதற்கு முன், அது காணாமல் போய்விட்டது. மேட்டில் இருக்கும் பேராலயத்துக்கு மணி வார்க்கக் கொடுத்துவிட்டேன் என்பது அம்மாவின் கட்சி. தங்கச்சி கல்யாணத்துக்காகப் பிறந்த வீட்டுக்குக் கடத்திவிட்டாள் என்பது அத்தையின் கட்சி. அத்தையிடம் சாட்சியும் இருந்தது. சித்தி வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது அச்சு அசல் அதே மாதிரிக் குடம் ஒன்றைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். ஒரே கடையில் வாங்கினால் ஒரே மாதிரிதானே இருக்கும் என்று நான் சொன்னால், "அம்மாளுக்கு வக்காலத்தா" என்று என் பக்கம் திரும்பிவிடுவாள்.

இதற்கெல்லாம் மேலே அத்தை வைத்திருந்த ஒரு கேள்விக்கு எங்களில் யாரிடமும் பதில் கிடையாது. "கப்பல்ல வந்த மணிக்குள்ள உங் கொடம் எப்படி போச்சு?"

ஏனென்றால் பேராலயத்து மணிகள் கப்பலில் வந்தவை. ஊருக்கே தெரியும். கோபுரத்தில் பெரியது, நடு, சின்னது என்று மூன்று மணிகள். மூன்றும் பிரான்சில் வார்த்து, கடல் வழியாக வந்து, மலைப்பாதையில் மாட்டுவண்டியில் ஏறியவை என்று பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லிக்கொடுத்தார்கள். மேலே ஏறி மணிக்கு எண்ணெய் போடுகிற உபதேசியாரை நான் ஒரு முறை கேட்டே விட்டேன். மூன்றிலும் லத்தீன் எழுத்துதான் இருக்கிறது, சின்னதில் இருப்பது மட்டும் இன்னும் பழைய லத்தீன் போல, ஃபாதர்களுக்கே புரியாது என்றார். அத்தோடு அம்மாவின் கேஸ் தள்ளுபடி.

பிறந்ததிலிருந்து கேட்ட சண்டை என்றாலும், ஒரு இந்து வீட்டுப் பெண் தன் சீர்க் குடத்தை ஏன் சர்ச் மணிக்குக் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ஒரு மழை நாளில் கடையில் ஆளில்லாதபோது அம்மா சொன்னாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அவர்கள் எஸ்டேட்டில் உச்சி வேளைக்கு ஒரு தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். அது தட்டினால்தான் தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொட்டிவிட்டு, கைக்குழந்தைக்காரிகள் ஓடிப் போய்ப் பால் கொடுக்கலாம். அதை மேஸ்திரி தன் இஷ்டத்துக்குத் தட்டுவார். கூடை நிறையவில்லை என்றால் உச்சிப்பொழுது தள்ளிப் போய்விடும். மஞ்சு இறங்கிவிட்டால் சூரியனைக் காட்டிச் சண்டை போடவும் வழியில்லை. அம்மாவுக்கு அப்போது என் அண்ணன் கைக்குழந்தை. மார் கட்டி, ரவிக்கை நனைந்து, செடிக்கு நடுவில் அழுதுகொண்டே கிள்ளுவாளாம்.

மேட்டிலிருந்து அடிக்கும் உச்சி மணி ஒன்றுதான் அந்தப் பெண்களுக்குத் துணை. அது மேஸ்திரிக்குக் கட்டுப்பட்டதில்லை. அது அடித்துவிட்டால், "மணி ஆச்சுங்க" என்று கூடையை இறக்கிவிடலாம். உச்சிக்கென்றே இருந்த அந்த மணி ஒரு மழைக்காலத்தில் விரிசல் விட்டு ஊமையாகிவிட்டது. எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்த பெண்கள் எல்லாரும், அதில் கிறிஸ்தவ வேதக்காரர் வீடு இரண்டோ மூன்றோதான், கூடிப் பேசி ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து வைத்தார்கள். கீழ்நாட்டிலிருந்து வந்த பாத்திரம் வார்க்கிறவர் ஒருவர் மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு போனார். வீட்டு ஆண்கள் விடமாட்டார்கள் என்று அவர்களிடம் யாரும் மூச்சுவிடவில்லை. பிறகு மணி அடிக்கத் தொடங்கியது. அதற்குள் எஸ்டேட் கைமாறி, லைன் காலியாகி, ஆட்கள் திக்குக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். அப்பா ஊட்டிக் கடைவீதியில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்தார்.

"பாத்திரம் போனதப் பாத்தேன், மணி வந்ததப் பாக்கல" என்றாள் அம்மா அன்றைக்கு. "அவங்க சொல்றாப்புல அது கப்பல்ல வந்ததா இருந்துட்டா, என்னைய எவனோ ஏமாத்திட்டான்னுதானே அர்த்தம், கண்ணு?"

எனக்கு அத்தை மேல் வந்த கோபம் கொஞ்சமா? கொண்டவன் வீட்டார் நம்பாதது ஒரு பக்கம் கிடக்கட்டும். தன் கையால் கொடுத்ததைத் தானே நம்ப முடியாமல் ஒருத்தியை ஆக்கிவைத்துவிட்டார்களே!

எங்கள் கடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வளையல், ரிப்பன், பொட்டு, சவுரி எல்லாம் உண்டு. பின்சுவர் முழுக்க ஒரே கண்ணாடி. கடையைப் பெரிதாகக் காட்ட அப்பா செய்த வேலை. வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் வேடிக்கை பார்ப்பேன் என்று அம்மா என்னைக் கண்ணாடியைப் பார்த்து உட்காரவைத்துத்தான் படிக்கச் சொல்வாள். அதிலேயே தெரு முழுக்கத் தெரியும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. எதிர் பேக்கரியில் "சூடான வர்க்கி இங்கு கிடைக்கும்" என்று ஒரு போர்டு. அதை நான் நேராகப் பார்த்ததைவிட இடவலம் மாறிப் பார்த்ததுதான் அதிகம். அந்த வர்க்கி போர்டு, அதற்குப் பக்கத்துக் குடை ரிப்பேர் போர்டு, போகிற பஸ்ஸின் ஊர்ப்பெயர் என்று எல்லாவற்றையும் வலமிருந்து இடமாகப் படித்தே வளர்ந்தவள் நான். இதனால் ஒரு பைசாப் பிரயோசனமும் வரும் என்று யார் நினைத்தார்கள்?

நான் படிப்பை முடித்துவிட்டுக் கடையில் முழுநேரமாக உட்கார்ந்த வருஷம், கோபுரத்தில் மணிகள் தொங்கும் மர உத்திரம் உளுத்துப் போய்விட்டது என்று பேச்சு வந்தது. மூன்றையும் இறக்கி, இரும்பு உத்திரம் போட்டு, திரும்ப ஏற்றப் போகிறார்கள். மூன்றையும் இல்லை, இரண்டை. சின்ன மணியின் சத்தம் எப்போதும் ஒரு மாதிரி. பெரியது இரண்டும் கணீரென்று மலைக்கு மலை போகும். சின்னது மட்டும் குடத்தில் கரண்டியால் தட்டிய மாதிரி டொங்கென்று அடிக்கும். அதை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் புது மணி வாங்குவதாகவும், ஊரில் ஹோட்டல் வைத்திருந்த ஒரு பெரிய மனிதர் தன் பெயர் பொறித்து அதைத் தருவதாகவும் முடிவாகியிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து லாரி வருவதற்கும் நாள் குறித்துவிட்டார்கள்.

மணிகளை இறக்கிய மறுநாள் காலை, அவற்றை மந்திரிக்கும் சடங்குக்குக் கலர் காகிதமும் ஜிகினாவும் ஆர்டர் கொடுத்திருந்தார்கள். நானே தூக்கிக்கொண்டு மேடேறினேன். அம்மாவிடம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். "பாத்து என்ன ஆகப்போவுது" என்றாள். ஆனால் வாசல்வரை வந்து நின்றாள்.

பேராலய முற்றத்தில் சைப்ரஸ் மரத்தடியில் கட்டைகளின் மேல் மூன்று மணிகளையும் உட்கார வைத்திருந்தார்கள். அடேயப்பா, கீழிருந்து காதால் மட்டுமே தெரிந்துவைத்திருந்த ஒன்றைத் தொட முடிகிற தூரத்தில் பார்ப்பது இருக்கிறதே! பெரிய மணிக்குள் ஒரு ஆள் குந்தி உட்காரலாம். சுற்றிலும் ஒரே கூட்டம். பங்குச் சாமியார், வயதானாலும் சிறுபிள்ளை மாதிரி குதூகலமாக இருப்பார், லத்தீனைப் படித்துப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய மணியைப் போரில் இறந்துபோன தன் மகன் நினைவாக ஒரு துரைசாணி கொடுத்திருக்கிறாள். மகனின் பெயரையே மணிக்கும் வைத்திருக்கிறாள். ஞானஸ்நானம் செய்து பெயர் வைப்பதுபோல் மணிக்கும் பெயர் வைப்பார்களாம், ஞானப் பெற்றோர்கூட உண்டாம். நடு மணியைக் கொடுத்தவர் காப்பித் தோட்டக்காரர் ஒருவர். வார்த்த ஊரின் பெயரும் அடியில் இருந்தது. அம்மா சொன்ன கதைக்கு இரண்டிலும் இடமே இல்லை.

பிறகு சின்ன மணி. அதன் பக்கத்தில் கூட்டம் இல்லை. விற்கப்போகிற மாட்டை யார் பார்ப்பார்கள்? பச்சைக் களிம்பும் புறா எச்சமும் அப்பிக் கிடந்தது. சாமியார் குனிந்து பார்த்துவிட்டு, இது லத்தீன் மாதிரியே இல்லையே, சிரியாக் மொழியோ என்னவோ என்று சிரித்தார். நான் கொண்டுபோன சாக்குத் துணியால் களிம்பைத் தேய்த்தேன். ஒரு வரி, அதன் கீழே இன்னொரு வரி. கொக்கியும் வளையமுமாகப் புரியாத எழுத்து. நடுவில் ஒரே ஒரு எழுத்து மட்டும் தெரிந்த முகமாக இருந்தது. ப.

ப எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ப தான். கண்ணாடியிலும் ப தான். அது எனக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? அதன் வலப்பக்கத்து எழுத்தைப் பார்த்தேன். இடப்பக்கத்து எழுத்தைப் பார்த்தேன். வர்க்கி போர்டைப் படிப்பது போல வலமிருந்து இடமாகக் கண்ணை ஓட்டினேன். உ. ப. ய. ம்.

உபயம்!

தமிழ்நாட்டில் பிறந்த யாருக்குத்தான் அந்தச் சொல் தெரியாது? ட்யூப் லைட்டைக் கொடுத்துவிட்டு வெளிச்சமே வெளியே வராதபடி அதன் மேல் எழுதிவைப்போமே, அதே உபயம். கப்பலில் வந்த மணியில் எவன் உபயம் என்று எழுதுவான்? எனக்குத் தலைகால் புரியவில்லை. சாமியாரின் அங்கியைப் பிடித்தே இழுத்துவிட்டேன். "ஃபாதர், இது தமிழ்ங்க. திரும்பிக் கிடக்குதுங்க" என்றேன். மேற்கொண்டு படித்திருக்கலாம். படிக்கவில்லை. அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் கடைவீதியில் இருந்தார்கள். நான் வரும்வரை யாரையும் தொட விடாதீர்கள் என்று அவருக்கே உத்தரவு போட்டுவிட்டு இறக்கத்தில் ஓடினேன். எத்தனை பேர் மேல் மோதினேன் என்று இப்போதும் தெரியாது.

கடையில் பொட்டு வைத்துப் பார்க்கத் தொங்கவிட்டிருந்த கண்ணாடியை ஆணியோடு பிடுங்கினேன். கல்லாவில் அப்பா, வாசலில் அத்தை, உள்ளே அம்மா. மணியில் தமிழ் எழுத்து இருக்கிறது, வாருங்கள் என்றேன். அத்தை, இந்தப் பிள்ளைக்கு மேட்டுக் காற்று அடித்துவிட்டது என்றாள். ஆனால் முதலில் செருப்பைத் தேடியவள் அவள்தான். அம்மா நகரவில்லை.

"நான் வரல, கண்ணு" என்றாள். "வேற என்னமோ எழுதியிருந்தா?"

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கே பயம் வந்தது. உண்மைதான், நான் ஒரு சொல்லைத்தான் படித்திருந்தேன். மீதியில் அந்த ஹோட்டல்காரர் மாதிரி ஒரு பெரிய மனிதரின் பெயர் இருந்தால்? இத்தனை வருஷம் சிரித்தது ஒரு அத்தைதான். இனி ஊரே சிரிக்கும். அப்போதுதான் அப்பா, எதிலும் வாயைத் திறக்காத என் அப்பா, கல்லாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "கெளம்பு, நானும் வாரேன்" என்றார். கடையை நடுப்பகலில் சாத்திவிட்டு நாங்கள் நால்வரும் மேடேறினோம். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல்கள் இரண்டு உடைந்தன.

அங்கே கூட்டம் இப்போது சின்ன மணியைச் சுற்றி நின்றது. சாமியார் தண்ணீர் கொண்டுவரச் செய்து எழுத்தைக் கழுவி வைத்திருந்தார். யாரையும் படிக்க விடவில்லை, தானும் முயலவில்லை என்றார். நான் கண்ணாடியை மணிக்கு எதிரே பிடித்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாய் நேராகி நின்றன. நானே வாயைத் திறந்தபோது அத்தை என்னைத் தள்ளினாள்.

"நீ அம்மா பொண்ணு. நீ படிச்சா எப்படியும் படிப்பே. கண்ணாடிய நல்லாப் புடி, நான் படிக்கறேன்."

அத்தை பள்ளிக்கூடம் போனவள். தினத்தாளைச் சத்தம் போட்டுப் படிக்கிறவள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கூட்டத்துக்குப் பின்னால், மணியையே பார்க்காமல், சைப்ரஸ் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அத்தை கண்ணாடிக்குள் மூக்கை விட்டு எழுத்துக்கூட்டினாள். "கொழுந்தெடுக்கும் பெண்கள்..." நிறுத்தினாள். "குடம் செம்பு கொடுத்த உபயம்."

முற்றத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. அப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அத்தையைப் பார்த்தேன், இப்போது என்ன சொல்கிறாய் என்று. சும்மா விடுகிற ஆளா அவள்?

"கொடம்னுதான் போட்டிருக்குது" என்றாள் மெதுவாக. "யார் கொடம்னு போடலியே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணாடியைக் கீழே போட்டிருப்பேன். அதற்குள் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவள் இன்னும் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குக் கீழ இன்னொரு வரி இருக்கும், படிங்க அண்ணி. உச்சி மணி தவறாமல் அடிக்கவும்னு இருக்கும். நாங்க எல்லாருஞ் சேந்து அதத்தான் எழுதச் சொன்னோம்."

கூட்டம் முழுக்க அத்தை பக்கம் திரும்பியது. அம்மா இந்த வரியைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வாள்? குடம் என்று வாயெடுத்தாலே சண்டை தொடங்கிவிடும். அதற்குமேல் அவளை யார் பேசவிட்டார்கள்? அத்தை கண்ணாடியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். சாய்த்துப் பிடித்தாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு சத்தமாக, பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்திய பிள்ளை மாதிரி படித்தாள். "உச்சி மணி தவறாமல் அடிக்கவும்."

எழுத்து ஏன் திரும்பியது என்பதைச் சாமியார் அங்கேயே யோசித்துச் சொன்னார். லைனில் எழுதத் தெரிந்த ஒரு பெண் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். வார்த்தவருக்குப் படிப்பு இல்லை. தாளில் கண்டதைக் கண்டபடியே, ஒரு சுழி பிசகாமல், மண் அச்சின் உள்பக்கம் கீறியிருக்கிறார். அச்சில் நேராக இருந்தால் மணியில் திரும்பித்தானே விழும்? அத்தனை பெண்களின் சொல்லையும் அவர் கொஞ்சமும் மாற்றாமல் எழுதியதால்தான் அது இத்தனை வருஷம் லத்தீனாகக் கிடந்தது. அப்போதிருந்த சாமியார் இதை ஏட்டில் எழுதாமலே மாற்றலாகிப் போனதால், மூன்றும் கப்பல் மணி என்றே ஊர் நம்பிவிட்டது. சத்தம் ஏன் குடத்தைத் தட்டிய மாதிரி இருந்தது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சாமியார் அம்மாவைக் கூப்பிட்டு, இந்த மணி எங்கும் போகாது என்றார். லாரி வெறுமனே திரும்பியது. ஹோட்டல்காரர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தார். பிறகு பேராலயத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். அதில் எண்களைவிட உபயம்தான் பெரிதாக இருந்தது. அம்மா அன்றைக்கு மணியை ஒரே ஒரு முறை தொட்டாள். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள், கடையில் குடம் வாங்கும்போது தட்டிப் பார்ப்பார்களே, அப்படி. டொங்கென்றது. சிரித்தாள் பாருங்கள், அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை மன்னிப்புக் கேட்டாளா என்றால், அதெல்லாம் எங்கள் வீட்டு வழக்கம் இல்லை. ராத்திரிச் சாப்பாடுகூட வழக்கம்போலத்தான் நடந்தது. ரசத்தில் உப்புக் கூடியிருந்தது. அத்தை ஒன்றும் சொல்லாமல் மோரை ஊற்றிக்கொண்டாள்.

இரும்பு உத்திரம் போட்டு மணிகள் மேலே போய்ச் சில நாள் ஆகியிருக்கும். சோலூர்ப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் கடையில் வளையல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை அளவு பார்த்துப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள், அம்மா தரையில் உட்கார்ந்து ரிப்பன் சுருட்டிக்கொண்டிருந்தாள். உச்சி மணி அடித்தது. டொங், டொங். அந்தப் பெண்களில் ஒருத்தி, இதென்ன மணி தகரம் மாதிரி அடிக்கிறது என்றாள். அத்தைக்கு வந்ததே ரோஷம்!

"தகரமா? அது எங்க ஊட்டுக் கொடமுங்க. தெரியாமப் பேசாதீங்க" என்றாள்.

அம்மா ரிப்பனைச் சுருட்டுவதை நிறுத்தினாள். தலையைத் தூக்கி அத்தையைப் பார்த்தாள்.

"எந்தக் கொடமுங்க அண்ணி? எந்தங்கச்சி ஊட்டுல இருக்குதே, அதா?"

கல்லாவில் அப்பா குனிந்துகொண்டார். அத்தையின் முகம் சிவந்து, உதடு கோணி, சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனது. வளையல் போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் கையைப் பிடித்தபடியே, "பேசாத இரு" என்றாள் அம்மாவிடம். "அடிச்சு முடியட்டும்."

அம்மா ரிப்பனை மடியில் வைத்துக்கொண்டாள். நாங்கள் எல்லாரும் மணி அடித்து முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.